ஒதுக்கீடு வேறு, கைக்கு வரும் காசு வேறு

2023 பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் துறையின் அறிவித்தல் பலகையில் ஒரு அரைத்தாள் குத்தியிருந்தது. ஏ4 தாளை அடிமட்டம் வைத்து நடுவில் கிழித்த பாதி. அந்த நாட்களில் கந்தோர்களில் அப்படித்தான் தாளை மிச்சம் பிடித்தார்கள். மேலே சிங்களத்தில் மூன்று வரி, கீழே தமிழில் இரண்டு வரி. பின்வரும் தமிழ்மொழிமூலப் பாடநெறிகள் இந்த செமஸ்டரில் நடைபெறமாட்டா. பிறகு இரண்டு பாட இலக்கங்கள், ஒரு கையொப்பம். காரணம் என்று எதுவும் இல்லை.

எங்கள் பட்ச்சில் அந்தத் துறையைத் தமிழில் படித்தவர்கள் 19 பேர். இரண்டு பாடமும் போனால் சிறப்புப் பட்டத்துக்குத் தேவையான கிரெடிட் குறையும். "இங்கிலிஷ் மீடியத்துக்கு மாறுங்களேன்" என்று கந்தோரில் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஓஎல் வரை படித்து, ஏஎல்லுக்கு டவுனுக்கு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தாண்டிக் கொழும்புக்கு வந்தவள். மூன்றாம் வருடத்தில் மொழியை மாற்று என்றால் எனக்கு அது படிப்பை விடு என்று சொன்ன மாதிரித்தான் கேட்டது.

எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப்போவதில்லை. அங்கே எங்களுக்கு உதவியவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். அதோடு, அந்த மாதிரி ஒரு அரைத்தாளை நாளைக்கு வேறு ஒரு பலகையில் பார்க்கப்போகிற தம்பி தங்கச்சிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெயர் அவர்களுக்குத் தேவைப்படாது. நாங்கள் எங்கே நேரத்தை வீணாக்கினோம், எது வேலை செய்தது என்பதுதான் தேவைப்படும்.

அந்த இரண்டு பாடத்தையும் எடுத்தவர் ஒரு வருகை விரிவுரையாளர். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். பலகையைப் பார்த்த அன்றே அவருக்குப் போன் எடுத்தேன். "எனக்கே நீங்க சொல்லித்தான் தெரியும், பிள்ளை" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, போன வருடம் எடுத்த வகுப்புகளுக்கு எட்டு மாதமாகக் காசு வரவில்லை என்றும் சொன்னார். அந்த எட்டு மாதமும் அவர் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. 2022இல் பெற்றோல் வரிசை, பஸ் இல்லாத நாட்கள், மின்வெட்டு எல்லாவற்றுக்கும் நடுவில், டேட்டா காட் தன் காசில் போட்டு சூமில் படிப்பித்தார். அதை அவர் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வெட்டு ஏன் முதலில் அவர்மேல் விழுந்தது என்று புரிய எனக்குப் பல மாதம் பிடித்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் மீண்டெழும் செலவில், அதாவது வருடா வருடம் திரும்ப வருகிற செலவில், பெரும்பங்கு சம்பளம். நிரந்தர ஆட்களின் சம்பளத்தில் கை வைக்க முடியாது. மின்சாரக் கட்டணத்தைக் கட்டாமல் விட முடியாது. அந்தக் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம் கூடியது. கூடின தொகையை எங்கிருந்தாவது எடுக்கத்தானே வேண்டும்? யாரிடமும் அனுமதி கேட்காமல், யாருடைய நியமனக் கடிதத்தையும் தொடாமல் நிறுத்தக்கூடிய செலவு எது என்று தேடினால் அகப்படுவது மணித்தியாலக் கணக்கில் கூலி வாங்கும் வருகை விரிவுரையாளர், நூலகத்தின் இரவு நேரம், களப்பயணத்து பஸ், போட்டோகொப்பி. நெருக்கடி வருடத்தில் வெளிநாடு போன நிரந்தர விரிவுரையாளர்களின் இடமும் நிரப்பப்படவில்லை. தமிழ்மொழிமூலத்தில் நிரந்தர ஆட்கள் முதலிலேயே குறைவு, பாதிப் பாடங்கள் வருகை விரிவுரையாளர்களின் தோளில்தான் நின்றன. ஆகவே தமிழ் என்று பார்த்து யாரும் வெட்டவில்லை. வெட்டு தானாகவே அங்கே வந்து விழுந்தது. இந்த வித்தியாசம் பிறகு எங்களுக்கு மிகவும் உதவியது. "தமிழருக்கு எதிராகச் செய்கிறீர்கள்" என்று போயிருந்தால் அவர்கள் அதை மறுத்திருப்பார்கள், பேச்சு அந்த மறுப்போடு முடிந்திருக்கும்.

ஆனால் முதல் மாதம் எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஊர்வலம் மட்டும்தான். மார்ச்சில் பெரிய மாணவர் ஒன்றியம் ஒழுங்கு செய்த ஒரு பேரணியில் நாங்கள் ஒரு பதாகையோடு சேர்ந்துகொண்டோம். "கல்விக்கு 6 வீதம்" என்று எழுதியிருந்தோம். அந்த 6 எங்கிருந்து வந்தது என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் முழித்திருப்பேன். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை கிட்டத்தட்ட நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தது. காலியிலிருந்து கொழும்புக்கு நடந்தே வந்தார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்பதை ஊருக்கெல்லாம் தெரிந்த கோஷமாக்கியது அந்தப் போராட்டம்தான். அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் எங்கள் 19 பேரின் இரண்டு பாடத்துக்கு அந்த 6 வீதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், பதில் சொல்ல வேண்டியவர் யார் என்றே யாருக்கும் தெரியவில்லை. பீடாதிபதி அமைச்சைக் காட்டினார். அமைச்சு திறைசேரியைக் காட்டும். வெயிலில் நின்று தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பேரணிக்குப் பிறகு நாங்கள் கொடுத்த மகஜருக்கு ஏப்ரலில் பதில் வந்தது. ஒரு பக்கக் கடிதம். அதில் ஒரு வசனத்தை இன்றும் மறக்கவில்லை: வருகை விரிவுரையாளர்களுக்கான ஒதுக்கீடு கடந்த ஆண்டைவிடக் குறைக்கப்படவில்லை. வெல்லவத்தையில் எங்கள் போர்டிங் அறையில் அதை வாசித்தபோது நான்கு பேருமே பொய் என்று கத்தினோம். கடற்கரைப் பக்கமாக ரயில் போகிற சத்தத்தையும் மீறிக் கத்தினோம். அது பொய்யில்லை என்று எங்களுக்கு உணர்த்தியவர் நிதிப் பிரிவில் ஓய்வுபெற ஒரு வருடம் இருந்த மாவனெல்லை நானா ஒருவர்.

அவரிடம் நான் போனதே வேறு விஷயத்துக்கு. மகாபொல என்ற அரச புலமைப்பரிசில் கொடுப்பனவு ஒரு தவணை வராமல் இருந்தது. வரிசையில் நின்றபோது கையில் அந்தக் கடிதம் இருந்ததைக் கண்டு, "என்ன மகள் இது, கோவமா நிக்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். உள்ளே கூப்பிட்டுக் கதிரை தந்தார். மேசையில் கிடந்த பாவித்த கடித உறை ஒன்றைப் பிரித்து, அதன் உட்பக்கத்தில் சிவப்புப் பேனையால் மூன்று பெட்டி கீறினார். முதல் பெட்டிக்குக் கீழே "கேட்டது", இரண்டாவதற்குக் கீழே "ஒதுக்கினது", மூன்றாவதற்குக் கீழே "வந்தது" என்று எழுதினார்.

"நீங்க சண்டை பிடிக்கிறது இந்த நடுப் பெட்டியோட. நடுப் பெட்டி பார்லிமென்டில பாஸ் பண்ணின கணக்கு. அது அப்படியேதான் இருக்கு, அவங்க எழுதினது சரி. ஆனா எங்களுக்குக் காசு வாறது இந்தக் கடைசிப் பெட்டியில. திறைசேரி மாசா மாசம் எவ்வளவு விடுதோ அவ்வளவுதான். இந்த ரெண்டுக்கும் நடுவில இருக்கிற ஓட்டைய யாரும் வெட்டு எண்டு சொல்றதில்ல, மகள்."

பிறகு நடுப் பெட்டியைத் தட்டி, "இதுவும் குறையல்ல எண்டு சொல்றாங்க. போன வருசம் இந்தக் காசுக்கு எத்தின ரீம் தாள் வாங்கினோம், இந்த வருசம் எத்தினை?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று 2022 மார்ச் ஞாபகம் வந்தது. தாள் இல்லை என்று மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்ட மாதம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். விலை இப்படி ஏறுகிற வருடத்தில் அதே தொகையை ஒதுக்குவதும் வெட்டுத்தான். அதைக் கடிதத்தில் எழுத வேண்டியிருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த உறையை அவர் எனக்கே தந்துவிட்டார். இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நாங்கள் கோஷத்தை விட்டுக் கணக்கைப் பிடித்தோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்த அரச நிறுவனத்திடமும் பிரஜை ஒருவர் தகவல் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பல்கலைக்கழகமும் அதற்குள் அடங்கும். தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

எங்கள் முதல் விண்ணப்பம் வீண். "தமிழ்மொழிமூலப் பாடநெறிகளை ஏன் நிறுத்தினீர்கள்?" என்று எழுதினோம். அந்தச் சட்டம் இருக்கிற ஆவணத்தைத் தரச் சொல்லும், விளக்கம் எழுதித் தரச் சொல்லாது. அழகான ஒரு பொதுப் பதில் வந்தது. இரண்டாவது விண்ணப்பத்தை நானாவின் மூன்று பெட்டியை முன்னால் வைத்து எழுதினோம். 2019 முதல் 2022 வரை, ஒவ்வொரு வருடமும், வருகை விரிவுரையாளர் கொடுப்பனவுக்கு எங்கள் பீடம் கேட்ட தொகை, ஒதுக்கப்பட்ட தொகை, உண்மையில் செலுத்திய தொகை, வருட முடிவில் நிலுவை. மொழிமூலம் பிரித்து, மணித்தியாலக் கணக்கோடு. நான்கு நிரல், நான்கு வரி. அட்டவணையையே கோடு போட்டு வெற்றிடமாக அனுப்பினோம், அவர்கள் நிரப்பினால் போதும் என்று. இதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன்: நிரப்ப வேண்டிய பெட்டியாகக் கேளுங்கள். வேலை செய்பவருக்கும் அது லேசு, மழுப்பவும் இடமில்லை.

14 வேலை நாள் போனது, பதில் இல்லை. மேன்முறையீடு போட்டோம். கோபமான வார்த்தை ஒன்றும் இல்லாமல், முதல் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கான சிட்டையின் போட்டோகொப்பியை இணைத்து. அந்தச் சிட்டையை நாங்கள் கேட்டு வாங்கியிருக்காவிட்டால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஜூலையில் பதில் வந்தது. சிங்களத்தில்.

தமிழில் கேட்டோம், தமிழ் அரச கரும மொழி, திருப்பி அனுப்பித் தமிழில் கேட்போம் என்று எங்களில் இரண்டு பேர் நின்றார்கள். உரிமை அவர்கள் பக்கம்தான். எனக்கோ நேரம் பயமாக இருந்தது. கடைசியில் இரண்டையும் செய்தோம்: தமிழில் தரும்படி கடிதம் போட்டுவிட்டு, சிங்களப் பிரதியோடு கண்டினில் உட்கார்ந்தோம். குருநாகலிலிருந்து வந்த ஒரு தோழி பிளேன்ரீயை ஆறவிட்டுவிட்டு வரி வரியாக வாசித்துச் சொன்னாள். இரண்டாவது நிரலுக்கு வந்ததும் நிறுத்தினாள். "எங்கட லாப் காசும் இப்பிடித்தான் போயிருக்கும்" என்று தன் கொச்சைத் தமிழில் சொன்னாள். அவள் விஞ்ஞான பீடம். அவர்களுக்கு அந்த வருடம் செய்முறைப் பரீட்சைக்கு இரசாயனம் போதாமல் நான்கு பேருக்கு ஒரு குழாய் என்று கொடுத்தார்களாம். அதுவரை நான் இதை எங்கள் 19 பேரின் துயரம் என்றே நினைத்திருந்தேன். அடுத்த வாரமே அவளும் அதே அட்டவணையைத் தன் பீடத்துக்குப் போட்டாள், சிங்களத்தில்.

கணக்கு எங்கள் கையில் இருந்தது. 2022இல் ஒதுக்கின தொகைக்கும் செலுத்தின தொகைக்கும் இடையில் இருந்த ஓட்டை, மிஸ்ஸின் எட்டு மாத நிலுவை எல்லாம் அதில் அப்படியே கிடந்தன.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்களில் பாதிப் பேர் பயந்திருந்தார்கள், அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போனில், "போராட்டம் கீராட்டம்னு போயிறாத புள்ள. நம்ம வீட்ல மொதப் பட்டம் நீதான்" என்பார். முல்லைத்தீவிலிருந்து வந்த என் அறைத்தோழியின் வீட்டில் பொலிஸ் என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்வார்கள். அவளுடைய மாமா ஒருவர் போனவர் போனவர்தான். அவளைப் பேரணிக்கு வா என்று கூப்பிடுவது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. வராததைக் கோழைத்தனம் என்று ஒருநாள் சொல்லியும்விட்டேன். அதற்கு அவளிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். எங்களுடைய அட்டவணைகளை எல்லாம் போட்டவள் அவள்தான். ஒரு தொகையும் ஒரு கூட்டலும் பிழைத்ததில்லை. ஆகவே, சேர்ந்து வேலை செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: முன்னால் நிற்கிற பெயர் இரண்டு போதும். மற்றவர்களிடம் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், எடுத்ததைக் கேட்காமல் போடாதீர்கள். எழுதுகிறவள், கணக்குப் பார்க்கிறவள், தேநீர் வாங்கித் தருகிறவள் எல்லோருமே போராடுகிறவர்கள்தான்.

பெரிய ஒன்றியத்தோடும் எங்களுக்கு ஒரு முறை முட்டியது. அவர்கள் வகுப்புப் பகிஷ்கரிப்பு என்றார்கள். நான் எதிர்த்தேன். வகுப்பு நடக்கவில்லை என்பதற்காக நடக்கிற வகுப்பையும் நிறுத்துவது எங்கள் நிலைமையில் சரியில்லை என்பது அன்றும் என் கருத்து, இன்றும் அதுதான். போர்டிங் காசு மாதம் மாதம் போகிறது. அன்றைய 5,000 ரூபா மகாபொல அறை வாடகைக்கே காணாது. ஒரு மாதம் பட்டம் பிந்தினால் தோட்டத்தில் அம்மா ஒரு மாதம் கூடக் கொழுந்து எடுக்க வேண்டும். பகிஷ்கரிப்பு எங்கள் பீடத்தில் இரண்டு நாளோடு நின்றது. அதற்காக ஒன்றியத்தை நான் ஒதுக்கவில்லை. வீதியில் அவர்கள் நின்றிராவிட்டால் எங்கள் கடிதத்தை யாரும் பிரித்தும் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஜூலை, ஓகஸ்ட் மாதங்கள்தான் முக்கியம் என்பதை நானா எங்களுக்குச் சொல்லித் தந்தார். எல்லோரும் நவம்பரில் பட்ஜெட் வாசித்த பிறகு கொதிப்பார்கள். அதற்குள் எழுத்து முடிந்திருக்கும். அடுத்த வருடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் பீடத்துக்கும், பீடம் நிதிப் பிரிவுக்கும் மதிப்பீடு கொடுப்பது அதற்குப் பல மாதம் முன்னால். அந்த மதிப்பீட்டில் ஒரு பாடத்தின் மணித்தியாலம் விடுபட்டால், பிறகு யாராலும் அதற்குக் காசு தேட முடியாது. பாராளுமன்றம் ஒதுக்குகிற பணத்தைப் பல்கலைக்கழகங்களுக்குப் பகிர்கிற பொறுப்பு 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு. கேட்காததை அவர்களும் பகிர முடியாது.

அதே சட்டம் ஒவ்வொரு பீடச் சபையிலும் மாணவர் இரண்டு பேருக்கு இடம் தந்திருக்கிறது. எங்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் பீடத்தில் அந்த இருவரும் சிங்களமூல மாணவர்கள், நல்ல பொடியன்கள். யாரும் போய் ஒன்றும் கேட்டதில்லை, அதனால் அவர்களும் ஒன்றும் பேசியதில்லை. நாங்கள் ஒரு பக்கத்தாளோடு போனோம்.

அந்த ஒரு பக்கத்தை எழுத இரண்டு வாரம் எடுத்தோம். முதல் பிரதி ஆறு பக்கம். இலவசக் கல்வியின் வரலாறு, அதைக் கொண்டுவந்த கன்னங்கர, 1945 எல்லாம் இருந்தது. அதை எழுதியவள் நான்தான், எனக்கு அதை வெட்ட மனமில்லை. இலவசக் கல்வி நாட்டுக்கு 1945இல் வந்தது என்பார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1970களில்தான். அப்பாவின் லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, அது வந்து சேர்ந்த கதையை நான் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் பீடச் சபையில் ஒரு விடயத்துக்கு ஐந்து நிமிடம். கடைசியில் தாளில் இருந்தது இவ்வளவுதான்: இரண்டு பாட இலக்கம், 19 மாணவர், மொத்த மணித்தியாலம், அதற்குத் தேவையான ரூபா, நிலுவை ரூபா, பாடம் நடக்காவிட்டால் எத்தனை பேருக்குச் சிறப்புப் பட்டம் பிந்தும். தேவையான மொத்தத் தொகை ஒரு விரிவுரை மண்டபத்துக்குப் புதிதாக ஏசி பூட்டுகிற செலவைவிடக் குறைவு. அதையும் எழுதினோம்.

மூன்று மொழியிலும் எழுதினோம், ஆனால் ஒன்றை வைத்து மற்றதை மொழிபெயர்க்கவில்லை. சிங்களப் பிரதியைக் குருநாகல் தோழி தன் பாட்டில் எழுதினாள், பீடச் சபைக்கு. ஆங்கிலப் பிரதியை ஒரு இளம் விரிவுரையாளர் திருத்தித் தந்தார். அதைத்தான் வாட் பிளேஸில் உள்ள மானியங்கள் ஆணைக்குழுவில் கொடுத்து, திகதி முத்திரை குத்தி வாங்கினோம். தமிழ்ப் பிரதி பத்திரிகைக்கும், பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், எங்கள் வீடுகளுக்கும். அம்மாவுக்கு வாட்சப்பில் அனுப்பினேன். பக்கத்து லயத்து அக்கா வாசித்துக் காட்டினாராம். "இதுக்கா புள்ள காசு இல்லைங்கிறாங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு போராட்டத்துக்குப் போகாதே என்று அவர் சொல்லவில்லை. கவனமாக இரு என்று மட்டும் சொன்னார்.

பீடச் சபையில் அந்த இரண்டு மாணவப் பிரதிநிதிகளில் ஒரு தம்பி எங்கள் தாளை வாசித்தான். எதிர்ப்பு ஒன்றும் வரவில்லை. மதிப்பீட்டில் அந்த மணித்தியாலங்கள் முதலிலேயே விடுபட்டிருப்பதை யாரோ கவனித்துச் சொல்ல, சேர்ப்பது என்று முடிவானது. ஆறு மாதம் வீதியில் கேட்ட விஷயத்தின் ஒரு பாதி, ஐந்து நிமிடத்தில் குறிப்பேட்டில் ஏறியது. மற்றப் பாதி நானாவின் கடைசிப் பெட்டி, அதாவது காசு வந்து சேர்வது.

2024க்கான பட்ஜெட் 2023 நவம்பர் 13இல் வாசிக்கப்பட்டு டிசம்பர் 13இல் நிறைவேறியது. இந்த ஒரு மாதத்துக்குள் குழுநிலை விவாதம் நடக்கும், ஒவ்வொரு அமைச்சின் தலைப்பும் ஒரு நாளில் எடுக்கப்படும். கல்வி அமைச்சின் நாள் எது என்று பார்த்து, அதற்கு ஒரு வாரம் முன்னால் மலையக உறுப்பினர் ஒருவரின் காரியாலயத்துக்குப் போனோம். அன்று அவர் இல்லை. செயலாளர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "வழமையா ஒரு கட்டுத் தாள் கொண்டு வருவாங்க, இது ஒரு பக்கம்தானா?" என்றார். விவாதத்தில் அதிலிருந்து இரண்டு வரி வாசிக்கப்பட்டது. பாராளுமன்றப் பதிவான ஹன்சார்டில் ஏறியது. அது சட்டத்தை மாற்றவில்லை. ஆனால் அடுத்த முறை நிதிப் பிரிவில் மிஸ்ஸின் நிலுவையைப் பற்றிக் கேட்டபோது, யாரும் எந்த மிஸ் என்று திருப்பிக் கேட்கவில்லை.

2024 மார்ச்சில் மிஸ்ஸுக்கு நிலுவையில் ஒரு பகுதி வந்தது. இரண்டு பாடத்தில் ஒன்று திரும்ப ஆரம்பித்தது. மே மாதம் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் கம்பஸ் படுத்தது. அவர்களுடைய கோரிக்கையும் சம்பளப் படிதான், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பத் திறந்தபோது மிஸ் அதே சீத்தைக் குடையோடு வந்தார். வரவுப் புத்தகத்தைத் திறந்து பெயர் கூப்பிட்டார். 17 பேர் இருந்தோம். ஒருவர் பொதுப் பட்டத்தோடு வெளியேறியிருந்தார். இன்னொருத்தி பதுளைப் பக்கம், வீட்டில் காசு முட்டி படிப்பை நிறுத்தி வெல்லவத்தையில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறாள். அவள் பெயரையும் மிஸ் கூப்பிட்டார், பிறகு பேனையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்தார்.

2025 பட்ஜெட்டில் மகாபொல 5,000இலிருந்து 7,500 ஆகவும், பேசறி எனப்படும் உதவுதொகை 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூடியது. சந்தோஷம். அந்தச் செய்தி வந்த அன்று பின்னேரம் புடவைக்கடைக்குப் போனேன். அவள் சாரியை மடித்துக்கொண்டே, "அந்த மற்றப் பாடம் வந்துச்சா?" என்று கேட்டாள்.

வரவில்லை. அந்தப் பாடத்துக்குத் தமிழில் படிப்பிக்க இன்னும் ஆள் எடுக்கவில்லை. உறையின் படத்தையும் வெற்று அட்டவணையையும் ஜூனியர் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த வருட மதிப்பீடு எந்தத் திகதிக்குள் போகிறது என்று நிதிப் பிரிவில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.